உளுவையும் கண்ணாடித் தொட்டியும்

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியின் இரு மருங்கிலும் ஆழமற்ற கடல். மடத்துவெளிச் சிறுவர்களாகிய நாங்கள் வற்றுநீரில் இறங்கினால், காலடியில் மணல் நிறத்திலே ஏதோ ஒன்று விருட்டென்று ஓடி மறையும். அது உளுவை. கறிக்கும் உதவாத சிறுமீன் என்பதால் அதனை எவரும் பொருட்படுத்தியதில்லை.

அந்த உளுவையின் உறவினம் ஒன்றை இலண்டன் கடையொன்றில் கண்ட என் மருமகன், "மாமா, விரலளவு மஞ்சள் மீன். சின்னத் தொட்டியில வளர்க்கலாமாம். வாங்கட்டா?" என்று தொலைபேசியில் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் பகிர்கிறேன்.

ஆங்கிலத்தில் கோபி எனப்படும் உளுவைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் வயிற்றுத் துடுப்புகள் ஒன்றிணைந்து கிண்ணம்போல் அமைந்திருக்கும். அதனால் அலையிலும் அவை கல்லைப் பற்றிக்கொள்ளும். மருமகன் கண்ட மஞ்சள் காவல் உளுவை மேற்குப் பசிபிக் கடலுக்குரியது. 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. பிற மீன்களோடு பெரிதாகச் சண்டைக்கும் போகாது. இந்த அளவில் பார்த்தால் தொட்டிக்கு உகந்த மீன்தான்.

ஆயினும் கடலில் அது தனித்து வாழ்வதில்லை. சொடுக்கு இறால் என்னும் சிற்றுயிர் மணலில் வளை தோண்டுகிறது. அதற்குப் பார்வை மிக மந்தம். உளுவை வாசலில் காவல் நிற்க, இறால் தன் உணர்கொம்பொன்றை மீனின் உடலில் வைத்தபடியே மண்ணை வெளியே தள்ளுகிறது. ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும். இருவரும் உள்ளே மறைவர். கட்டுபவர் ஒருவர், காப்பவர் மற்றவர். வீடு இருவருக்கும் பொது.

கடைக்காரர் மீனைத் தனியாக விற்கிறார். இறால் இன்றியும் அது உயிர்வாழும் என்பது உண்மை. 1991இல் வீடு வாசலை விட்டு வெளியேறிய தீவார் எங்களுக்கு, உயிர்வாழ்வதும் வாழ்வதும் ஒன்றல்ல என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே வளர்க்க விரும்புவோர் முதலில் வீட்டை அமைக்கட்டும். 100 லீற்றர் அளவிலான தொட்டி. வளை தோண்டத்தக்க ஆழமான மென்மணலும் பவளத் துண்டுகளும். 25 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம். கழிவை முறிக்கும் பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்களாவது காத்திருக்க வேண்டும். இம்மீன் துள்ளி வெளியே விழக்கூடியது, மூடி கட்டாயம். அதன்பின் மீனையும் இறாலையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள், கரிபியக் கடலுக்குரிய நீலக்கோட்டு நியான் உளுவையை நாடலாம். அதற்கு வளையும் வேண்டாம், கூட்டாளியும் வேண்டாம். பண்ணைகளில் பல காலமாகவே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்; பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கினால் கடலிலிருந்து ஓருயிரைப் பிரித்த பழி நமக்கில்லை.

எல்லா உளுவையும் தொட்டிக்கு ஏற்றதன்று. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் குட்டி உளுவை ஒன்றின் முழு ஆயுளே 59 நாட்கள்தான் என 2005இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதில் ஏறத்தாழ மூன்று வாரம் குஞ்சாய்த் திறந்த கடலில் கழிந்துவிடும். எஞ்சிய சில வாரங்களையும் கண்ணாடிக்குள் அடைப்பதில் நமக்கென்ன பெருமை?

மருமகன் இன்னும் மீன் வாங்கவில்லை. மணல் வாங்கியிருக்கிறான்.