தில்லை நகரில் டேலியா

புரட்டாசி 25

மாடிப்படிக்கு அடியில் மணலில் புதைத்து வைத்திருந்த டேலியாக் கிழங்குகளை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் கண் திறந்துவிட்டது. இந்தக் கண் கிழங்கின் உடம்பில் இருக்காது. பழைய தண்டோடு கிழங்கு சேரும் கழுத்தில்தான் இருக்கும். உருளைக்கிழங்கை நறுக்கி நடுவதுபோல நட்டால் முளைக்காது. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் வீண்.

ஊட்டிப் பூவாயிற்றே, திருச்சியில் தாங்குமா என்று கேட்கிறார்கள். டேலியாவின் தாய்நிலம் மெக்சிகோவின் மேட்டுநிலம். பகல் வெயில் அதற்குப் பகையில்லை. இரவுப் புழுக்கம்தான் ஆகாது. நம் ஊரில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். அந்த இரண்டு மாதத்தில் பூக்க வேண்டுமானால் இப்போதே கிழங்கை எழுப்ப வேண்டும். மலையில் சித்திரையில் நடுகிறார்களே என்று நாமும் நட்டால் கத்திரி வெயில் செடியைத் தின்றுவிடும்.

ஐப்பசி 12

விடாத மழை. சன்ஷேடுக்குக் கீழே வைத்தே தொட்டிக்கு மாற்றினேன். 12 அங்குலத் தொட்டி, செம்மண், மக்கிய தொழு உரம், ஆற்று மணல், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. மூங்கில் குச்சியை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு குத்தினால் கிழங்கில் இறங்கும். முளை தலைகாட்டும்வரை மண்ணில் ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகல்தான்.

கார்த்திகை 6

நான்காவது ஜோடி இலை வந்துவிட்டது. நுனியைக் கிள்ளினேன். கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக ஓடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். தண்டின் உள்ளே வெற்றிடம். மழைக்காற்றில் பட்டென்று முறியும். வாழைநாரால் குச்சியோடு தளர்வாகக் கட்டியிருக்கிறேன்.

மார்கழி 9

கிளை நுனியில் மூன்று மூன்றாக மொட்டு. நடு மொட்டை விட்டுப் பக்கத்து இரண்டையும் எடுத்தேன். நிறையப் பூ வேண்டுமென்றால் மூன்றையும் விடலாம். எனக்குப் பெரிய பூவில்தான் ஆசை. தளிரின் அடியில் அசுவினி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன்.

மார்கழி 27

முதல் பூ! அடர் சிவப்பு, நுனியில் வெள்ளை. பக்கத்து வீட்டு மாமி காலையிலேயே குரல் கொடுத்தார்: "பூசணிப்பூ கிடைக்கலை. மாடியில ஒண்ணு செக்கச்செவேல்னு தெரியறதே, கோலத்துல வைக்கத் தருவேளா?" கொடுத்தேன். சாண உருண்டையின் மேல் அது உட்கார்ந்த அழகை என்னவென்று சொல்ல!

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் சம்பங்கியும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கும். டேலியாவை அங்கே நான் கண்டதில்லை. மணமில்லாத பூவைக் கூந்தலுக்கும் மாலைக்கும் யார் கேட்பார்கள்? ஆனால் செவ்வந்தியும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டிலும் நாம் இதழ் என்று எண்ணுவது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ.

தை 14

உதிரவேண்டிய பூக்களைக் கத்தரித்தேன். வாடிய தலையும் மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மொட்டு உருண்டை, வாடியது கூம்பு. இதைத் தெரிந்துகொண்டால் மொட்டில் கத்தரி படாது.

சமவெளியில் டேலியா வராது என்பவர்கள் கொல்கத்தாவைப் பார்க்க வேண்டும். அதுவும் சமவெளிதான், குளிர்காலத்தில் அங்கே தட்டகலப் பூக்கள் கண்காட்சிக்கு வருகின்றன. ராமகிருஷ்ண சங்கத்துத் துறவி சுவாமி வினயானந்தர் இந்தியாவிலேயே புது ரகங்களை உருவாக்கினார். 'பிக்குஸ் மதர்' அவர் தந்ததுதான். 1791இல் மாட்ரிட் தாவரவியல் பூங்காவில் தாவரவியலாளர் கவனில்யெஸ் இந்தச் செடிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் பெயரைச் சூட்டினார். அன்று தொடங்கி எத்தனை கைகள் மாறி என் மாடிக்கு வந்திருக்கிறது!

மாசி 22

இரவில் புழுக்கம் தொடங்கிவிட்டது. பூ சிறுத்து, நடுப்பகுதி மஞ்சளாகத் தெரிகிறது. அடியிலைகள் பழுக்கின்றன. செடி சாகவில்லை. பகல் குறுகியிருந்த மாதங்களில் மேலே பூத்துக்கொண்டே கீழே கிழங்கைத் திரட்டியிருக்கிறது. தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்கிறேன்.

பங்குனி 10

தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, தொட்டியைக் கவிழ்த்தேன். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் ஒரு கொத்து. நிழலில் உலர்த்திச் சாம்பல் தடவி, காய்ந்த மணலில் வைத்தாயிற்று. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்: சுருங்கினால் துளி நீர் தெளிக்கலாம், அழுகியதை உடனே எடுத்துவிட வேண்டும்.

இந்த வாரம் எங்கள் தெருக்குப்பையில் காய்ந்த டேலியாத் தொட்டிகளைப் பார்த்தேன். நர்சரிகளில் பூத்த செடியாக விற்கிறார்கள். அடியில் கிழங்கு இருப்பதைச் சொல்வதில்லை. வாங்குகிறவர் ஒரு பருவத்தோடு ஆயுள் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். விதையை நம்பவும் முடியாது. தோட்ட டேலியா எட்டு மடங்கு குரோமோசோம் கொண்டது. விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. அதே பூ வேண்டுமானால் கிழங்கோ தண்டுத்துண்டோதான் வழி.

டேலியா வைத்திருப்பவர்களே, பங்குனியில் செடி காய்ந்தால் தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் தோண்டிப் பாருங்கள்.