முதல் பிழையைத் தேடுங்கள்

ஒரு திறமூல மென்பொருளின் மூலநிரலை இறக்கி, நாமே கம்பைல் செய்து பார்க்கலாம் என்று உட்காருகிற பிள்ளைகளில் பலர் சீக்கிரமே எழுந்துவிடுகிறார்கள். அறிவு போதாமல் அல்ல. திரையில் ஓடுகிற பிழைகளைப் பார்த்து, ‘இது நமக்கு வராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த நாலு வார்த்தை.

விண்டோஸோடு சி கம்பைலர் வருவதில்லை. நாம்தான் நிறுவ வேண்டும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் ஒரு வழி. எம்சிஸ்2 மூலம் கிடைக்கும் ஜிசிசி இன்னொரு வழி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் முதலில் வெளியிட்ட கம்பைலர் அது. எது பொருந்தும் என்று மென்பொருளின் ரீட்மீ கோப்பில் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ஒன்றில் கட்டிய சி++ நூலகம் மற்றதோடு ஒட்டாது.

வேலைக்கான போல்டரை சி டிரைவிலேயே, இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் வையுங்கள். இடைவெளி இருந்தால், கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ என்ற கருவி அதை இரண்டு பெயராக எண்ணிக்கொள்ளும். போல்டருக்குள் போல்டராகப் புதைத்தால் விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பு குறுக்கே வரும்.

இவ்வளவு செய்தும் பிழை வரும். எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்க்கிறார்கள். ‘எரர் 1’ என்று முடியும் அந்த வரி, வேலை நின்றுவிட்டது என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. மேலே போய், முதலில் வந்த பிழையைப் பிடியுங்கள். ஹெடர் கோப்பைக் காணோம் என்றால், அந்த நூலகம் நிறுவப்படவில்லை, அல்லது அது இருக்குமிடம் கம்பைலருக்குத் தெரியவில்லை. ‘அன்டிஃபைன்டு ரெஃபரென்ஸ்’ என்றால் கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது. துண்டுகளை இணைக்கும் லிங்கருக்குத்தான் ஏதோ கிடைக்கவில்லை. பல கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யவிட்டிருந்தால் செய்திகள் கலந்துபோகும். ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விட்டுப்போன ஒரே ஓர் அடைப்புக்குறியைப் போட்டதும், அதனால் வந்த பிழைகள் மொத்தமும் மறைவதைப் பார்ப்பீர்கள்.

குடும்பப் பஞ்சாயத்துகளிலும் இதையே பார்த்திருக்கிறேன். கடைசியாக விழுந்த வார்த்தையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். “அண்ணன் என்னை அப்படிச் சொல்லலாமா?” என்பதிலேயே பேச்சு சுற்றும். பொறுமையாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், என்றோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் தம்பியின் பெயர் விட்டுப்போன இடத்தில் போய் நிற்கும். அதை யாரும் வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு சமாதானம் கிடைத்தால், அதன்மேல் அடுக்கிய குறைகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

ஒரு வித்தியாசம் உண்டு. கம்பைலர் எத்தனை முறை கேட்டாலும் கோபப்படாமல் அதே பதிலைச் சொல்லும். மனிதர்கள் ஓரிரு முறைக்கு மேல் சொல்ல மாட்டார்கள். ஆகவே, முதல் காரணத்தைத் தேடும் பழக்கத்தை இயந்திரத்திடம் பழகிக்கொண்டு, மனிதர்களிடம் போங்கள்.