பால் என்னும் சொல்

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று எண்ணுகிறவன் தமிழில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. பள்ளியில் இலக்கணம் கற்ற நாளிலேயே இதனை அறிந்திருந்தேன். ஆயினும், முதுமையில் ஒரு மென்பொருளும் என் பேத்தியும் சேர்ந்து அப்பாடத்தை எனக்கு மீண்டும் கற்பிக்க வேண்டியதாயிற்று.

செனாய்க்கு அருகில் இருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் என் தாயார் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் அத்தோட்டமே இல்லாமற் போயிற்று. தாயார் தம் இறுதி ஆண்டுகளில் சொன்னவற்றையெல்லாம் கணினியில் குறித்து வைத்தேன். லயம், பெரட்டு, மங்கு, பால் என ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் அமைத்தேன். தலைப்பாக உள்ள சொல் வேறு எந்தக் குறிப்பில் வந்தாலும், அதனை உரிய பக்கத்தோடு அந்த மென்பொருள் தானே இணைத்துவிடும். சொல்லைத் தொட்டால் பக்கம் திறக்கும். எத்துணை எளிமை என்று மகிழ்ந்தேன்.

இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1995இல் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் முதல் விக்கித் தளத்தை அமைத்தார். ஹொனலூலு விமான நிலையப் பேருந்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் போதும். அங்கே இணைப்பு தானே உண்டாகும். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும் முதலில் அம்முறையையே கைக்கொண்டது. ஆயினும் விரைவிலேயே, எழுதுபவரே இரட்டைச் சதுர அடைப்பிட்டுச் சொல்லைக் குறிக்கும் முறைக்கு மாறியது. பின்னர் வந்த ‘டாம்பாய்’ போன்ற குறிப்பேடுகள் தலைப்பைக் கண்டே இணைத்தன.

பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கு முதல் முறை பொருந்தாது. தலைப்பைக் கண்டு இணைக்கும் முறையும் தடுமாறுகிறது. ‘மரம்’ என்னும் சொல் உருபேற்று ‘மரத்தை’ என்றானால், மென்பொருள் அதனை இனங்காணாமல் விட்டுவிடுகிறது. ‘பால்’ என்று தனித்து நின்றாலோ, பசு கறந்த பாலாயினும், இலக்கணம் கூறும் பாலாயினும், எல்லாவற்றையும் ரப்பர்ப் பாலோடு இணைத்துவிடுகிறது.

ஒருநாள் மாலை என் பேத்தி அக்குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள். “மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. இருந்தும் வேலைக்குப் போனேன்” என்பது தாயார் சொன்ன ஒரு வாக்கியம். அவள் ‘பால்’ என்பதைத் தொட்டாள். மங்கில் வடிந்த பால், கொட்டகைக்குச் சேருமுன் கட்டிவிடாதிருக்க அமோனியா சேர்ப்பர் என்று நான் எழுதியிருந்த பக்கம் திறந்தது.

“கொள்ளுப்பாட்டி ஏன் அமோனியா ஊற்றவில்லை, தாத்தா?” என்று கேட்டாள்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. எனக்கு முன் பிறந்து எட்டாம் மாதத்தில் மறைந்த அக்காளைப் பற்றித் தாயார் சொன்னது அது. குழந்தை போன பின்னும் தாயின் மார்புக்கு அச்செய்தி எட்டவில்லை. அந்த வலியோடுதான் அவர் உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போயிருக்கிறார்.

பல பொருள் குறித்த ஒரு சொல்லை அதன் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிய வேண்டும் என்பது தொல்காப்பியர் நெறி. பால் வெட்டினாள் என்றால் ரப்பர். பால் கறந்தாள் என்றால் பசு. ஆனால் பால் கட்டியது என்னும்போது வினையும் உதவவில்லை. மங்கிலும் கட்டும், மார்பிலும் கட்டும். எஞ்சியிருப்பது சார்பு ஒன்றுதான். அந்தச் சார்பை அறிந்தவன் நான் ஒருவனே. அதனை எழுதாமல் விட்டவனும் நானே. மென்பொருள் எழுத்தைப் பார்த்தது. அதன்மேல் குற்றம் கூறி என்ன பயன்?

அன்றிரவே தானே இணைக்கும் வசதியை நிறுத்தினேன். இப்போது ‘அப்சிடியன்’ போன்ற மென்பொருள்கள், ஒரு சொல் இணைக்கப்படாமல் நிற்கும் இடங்களைத் திரட்டிக் காட்டிவிட்டு, இணைப்பதை நம்மிடமே விடுகின்றன. ஒவ்வோரிடத்தையும் படித்துப் பார்த்தே இணைக்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.

அக்காளுக்கு ஒரு பக்கம் புதிதாக அமைத்தேன். பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு ஆகியவற்றுக்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. தாயாரின் அந்த வாக்கியத்திலுள்ள ‘பால்’ என்னும் சொல்லை அப்பக்கத்தோடு என் கையாலேயே இணைத்தேன். பிறகு பேத்தியை அழைத்து, இப்போது தொட்டுப் பார் என்றேன்.