'பார்த்துக்கறோம்' என்ற சொல் போதாது

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வழக்கமான பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். வகுப்பில் அவனுக்கு என்ன உதவி, அதை யார் செய்வார், எப்போது செய்வார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகனை வளர்த்ததில் நான் கற்ற பெரிய பாடம் இது.

நாங்கள் இருப்பது ஹைதராபாத் பாலாநகரில். லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்களும் நெருக்கியடித்து நிற்கும் தொழிற்பேட்டை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஆட்டோவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். மகனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. நாள் முழுக்க ஓடும் பிரஸ் மெஷின் சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. ஒரே சீரான சத்தம், பழகிவிட்டது. திடீரென்று அடிக்கும் பள்ளி மணி மட்டும் அவனுக்கு ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். வகுப்பில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தார்கள்.

மதிப்பீட்டுக்கு நாங்கள் வெகுதூரம் அலையவில்லை. 1984-ல் தொடங்கப்பட்ட, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் போயின்பல்லியை ஒட்டிய மனோவிகாஸ் நகரிலேயே இருக்கிறது. நம் நாட்டுக்கென்று உருவாக்கிய ஆட்டிச அளவுகோல் பிள்ளையிடம் 40 கூறுகளைப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை வந்தால் லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இந்த எண் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை முதல் பீரியடில் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல, வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்க்கும் சிறப்பாசிரியர் வேண்டும். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

பள்ளியில், "ஷேடோ டீச்சர் வைங்க, சம்பளம் உங்க பொறுப்பு" என்றார்கள். எங்களுக்குக் கிடைத்த சிறப்பாசிரியை வேறு மாதிரி யோசித்தார். "எப்பவும் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்தா கிளாஸ் டீச்சர் அவனைக் கவனிக்கிறதையே விட்டுடுவாங்கம்மா. அவனும் பக்கத்துல இருக்கறவங்க முகத்தைத்தான் பார்ப்பான்" என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். "எல்லாரும் நோட்டை எடுங்க" என்று டீச்சர் சொன்னபோது என் மகன் அசையவில்லை. அந்த 'எல்லாரும்' தனக்கும் சேர்த்துத்தான் என்பது அவனுக்கு எட்டவில்லை. முதலில் அவன் பெயர், அடுத்து ஒரே ஒரு வேலை என்று மாற்றிச் சொன்னதும் நோட்டு வெளியே வந்தது. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டீச்சர் அவன் மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைப்பார். அட்டையைப் பார்த்ததும் காதில் கை வைத்துத் தயாராகிவிடுவான். பெஞ்சுக்கு அடியில் போவது குறைந்தது. மாறியது வகுப்பு நடந்த விதம். பிள்ளை அதே பிள்ளைதான்.

இடம் கொடுத்ததே பெரிய உபகாரம் என்று நினைத்துத் தலைமையாசிரியர் அறையில் குரலைத் தாழ்த்திப் பேசிய தாய் நான். சட்டத்தைப் படித்த பிறகு அந்தக் கூச்சம் போயிற்று. 2016-ல் வந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கு ஏற்ற வசதியும் தனிக்கவனமும் தர வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-ஆவது பிரிவு பேசுகிறது. தெலுங்கு கட்டாயமாக்கப்பட்ட தெலங்கானாவில், நான்கு மொழிகளுக்கு நடுவில் திணறும் தமிழ்ப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கும், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து 2022-ல் மத்திய அரசும் அறிவித்திருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், எழுதி வைக்காத உதவி நிலைப்பதில்லை. மஞ்சள் அட்டை வைத்த டீச்சர் நடு ஆண்டில் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர் நல்லவர்தான். அவருக்கு எதுவும் தெரியாது, அவ்வளவே. அன்றைக்குக் கைகொடுத்தது சிறப்பாசிரியை எழுதி, பள்ளியும் நாங்களும் கையெழுத்திட்ட தனிநபர் கல்வித் திட்டம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, அட்டை, உட்காரும் இடம், இந்தப் பருவத்தில் எட்ட வேண்டிய இலக்கு எல்லாம் அதில் இருந்தன. புதிய டீச்சர் அதைப் படித்துவிட்டு அந்த வாரமே தொடங்கிவிட்டார்.

எத்தனை நல்ல மனது இருந்தாலும் அது ஒருவரோடு வரும், அவரோடு போய்விடும். அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "பார்த்துக்கறோம்மா" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லுங்கள், சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். என்ன, யார், எப்போது என்று கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பருவத்துக்கு ஒருமுறை அதை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். நம் பிள்ளைகளுக்கு யாரும் சலுகை தர வேண்டாம். சேர வேண்டியது சேரட்டும்.