வெளிநாட்டு டீச்சர் வேலை... திண்டுக்கல்காரங்க கவனிக்க வேண்டியது என்ன?

மலைக்கோட்டை அடிவாரம், பூட்டுக் கடைகள், பிரியாணி வாசம்... இதுதான் நமக்குத் தெரிந்த திண்டுக்கல். மதுரை சாலையில் கொஞ்ச தூரம் போனால், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு முகம்: காந்திகிராமம். 1956-ல் தொடங்கிய கிராமியப் பல்கலைக்கழகம் இங்கேதான். பி.எட். முடித்து இந்த வட்டாரப் பள்ளிகளில் பத்து, பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துபவர்கள் ஏராளம். சம்பளம் போதாதபோது கண் வெளிநாட்டுப் பக்கம் போகிறது.

அந்த அனுபவத்துக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. 2023 முதல் கணிதம், அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்கள் இந்தியாவில் இருந்தே இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். துபாய் என்றால் பட்டச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என மூன்று முத்திரைகள் வேண்டும். அதனால் வேலை பார்த்த ஒவ்வொரு பள்ளியிலும் அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டா? உஷார்! சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆளெடுப்புக்கு என்றே 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இயங்குகிறது.

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர்க்காரர்களுக்குக் கள்ளச்சாவி பற்றிச் சொல்லித் தரவா வேண்டும்?