நோயுற்ற மாடும் நீர்த்துறையும்

நமக்குப் பன்னிரண்டு வயது நடந்த ஆண்டில் ஊருக்குள் வெக்கை நோய் புகுந்தது. நம் வீட்டுச் செவலைப் பசுவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. வாய் புண்ணாகி எச்சில் ஒழுகியது. பின்பு கழிச்சலும் கண்டது. கொட்டிலை விட்டு அதனை அவிழ்க்கலாகாது என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்திப் பொழுதில் அது தலையைத் திருப்பித் திருப்பி நம்மைப் பார்த்ததைப் பொறுக்க மாட்டாமல், யாரும் அறியாதபடி குளத்துக்கு ஓட்டிச் சென்றோம். தண்ணீரில் வாயை வைத்தபடி வெகுநேரம் நின்றது. மறுநாள் மாண்டது. அதே துறையில் நீர் அருந்தி வந்த அண்டை வீட்டாரின் ஏர் மாடுகள் இரண்டும் சில நாட்களில் நோய் கண்டு விழுந்தன. நாம் வாய் திறக்கவில்லை.

ஆண்டுகள் சென்று மதரஸாவில் ஹதீஸ் ஓதுகையில், நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றின் நீர்த்துறைக்குக் கொண்டுவருவதைத் தடுக்கும் நபிமொழி வந்தது. உஸ்தாத் அதற்கு விளக்கம் கூறிக்கொண்டே போனார்கள். நம் காதில் ஏறவில்லை. குளத்தங்கரையே கண்முன் நின்றது.

நம்மிடம் அரபு பயின்று, பிறகு கால்நடை மருத்துவரான மாணவர் ஒருவரிடம் சென்ற ஆண்டு இதை முதன்முதலாகச் சொன்னோம். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "ஹஜ்ரத், இந்த நோய் ஆப்பிரிக்காவில் செய்ததைக் கேட்டிருக்கிறீர்களா?" என்றார். அன்று அவர் தொடங்கி வைத்ததை, பின்பு நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்துகொண்டோம்.

1887ஆம் ஆண்டளவில் செங்கடற் கரையிலுள்ள மஸாவா துறைமுகத்தில் இத்தாலியப் படை இறங்கியிருந்தது. அப்படைக்காகக் கப்பலேற்றி வந்த மாடுகளோடு இந்நோயும் கரையேறியது. அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கூற்று. அபிசீனியாவில் உழவு மாடுகள் அழிந்து கொடும் பஞ்சம் வந்தது. பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்கோடியை எட்டிவிட்டது. சென்ற இடமெல்லாம் பத்து மாடுகளில் எட்டும் ஒன்பதும் மாண்டன. மாட்டையே செல்வமாகவும் உணவாகவும் கொண்ட மஸாய் மக்களில் மூன்றில் இரு பங்கினர் மடிந்திருக்கக் கூடுமென, 1890களின் தொடக்கத்தில் அந்நாட்டைக் கடந்து சென்ற ஆஸ்கார் பௌமன் மதித்தார்.

நோய் வீட்டு மாட்டோடு நிற்கவில்லை. தான்சானியாவின் ஸெரெங்கெட்டி என்னும் பெரும் புல்வெளியில் வில்டபீஸ்ட் என்றொரு மானினம் உண்டு. மாட்டின் கொம்பும் குதிரையின் வாலும் தாடியும் உடையது. அதன் கன்றுகளும் காட்டெருமைக் கன்றுகளும் ஆண்டுதோறும் இந்நோயால் மடிந்துவந்தன. காட்டு விலங்குதான் நோயின் உறைவிடம், அதனிடமிருந்தே மாட்டுக்குத் தொற்றுகிறது என்று பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். உண்மை தலைகீழாக இருந்தது. 1950களிலும் 60களிலும் புல்வெளியைச் சூழ்ந்து வாழ்ந்தோரின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. காட்டில் ஒரு விலங்குக்கும் ஊசி போடவில்லை. எனினும் 1963ஆம் ஆண்டுக்குள் வில்டபீஸ்ட் கூட்டத்திலிருந்து நோய் அகன்றுவிட்டது! 1961இல் இரண்டரை லட்சத்தைச் சற்றே கடந்திருந்த அவ்வினம் 1977இல் பதின்மூன்று லட்சத்தைத் தாண்டியது. காட்டெருமையும் பெருகிற்று. வரிக்குதிரை பெருகவில்லை. குதிரையினத்துக்கு இந்நோய் தொற்றாது; ஆகவே அது நீங்கியதால் வரிக்குதிரைக்கு ஆதாயமுமில்லை. அந்தோணி சின்கிளேர் முதலிய ஆய்வாளர்கள் இதனையே தக்க சான்றாகக் கொண்டனர்.

அதன் பின்விளைவு நம்மை இன்னும் வியப்பில் ஆழ்த்தியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாய்கள் புல்லை மேய்ந்தமையால் கோடையில் பற்றுவதற்குக் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிவந்த மரக்கன்றுகள் தலையெடுத்தன. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது என்று மாணவர் சொன்னபோது, முதலில் நாம் அதை வேடிக்கைப் பேச்சென்றே கருதினோம்.

மஸாய் மக்கள் பக்கமும் ஒரு வழக்குண்டு. எரிமலைச் சாம்பல் படிந்த தெற்குச் சமவெளியில் ஆண்டின் தொடக்க மாதங்களில் வில்டபீஸ்ட் ஈனும். அக்காலத்தில் அங்கே புல் எத்துணைச் செழித்திருந்தாலும் மஸாய் இடையர் தம் மாடுகளை அண்டவிடமாட்டார்; வில்டபீஸ்டின் இளங்கன்றுகளிடமிருந்து மாட்டைக் கொல்லும் வேறொரு காய்ச்சல் தொற்றும் என்பது அவர்களின் முன்னோர் கண்டறிந்தது. இவ்வளவு அறிந்தவர்களைத்தான் 1959இல் ஸெரெங்கெட்டிப் பூங்காவின் எல்லையை விட்டு வெளியேற்றி நிகோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பினார்கள். அவர்களைப் போன்றோரின் மாடுகளுக்கு ஊசி போட்டதாலேயே பூங்காவின் விலங்குகள் பிழைத்தன. வேலியும் உழவும் செய்யும் கேடு வேறு. வடக்கே கென்யாவின் மாரா, லொய்தா வெளிகளில் கோதுமைப் பண்ணைகள் பரவப் பரவ, 1977இல் ஏறத்தாழ 1,20,000 ஆக இருந்த வில்டபீஸ்ட் 1997இல் 22,000 ஆகச் சுருங்கியது. அதற்கு ஊசி ஏது?

வெக்கை நோய் இந்தியாவில் 1995இல் கடைசியாகக் காணப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

"அவர்கள் மாட்டுக்கு நோய் உங்கள் பசுவிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லமுடியுமா?" என்று மாணவரிடம் கேட்டோம். "முடியாது, ஹஜ்ரத். இல்லை என்றும் சொல்லமுடியாது" என்றார்.

சிறுவன் செய்த சேதத்துக்கும் ஈடு உண்டு என்று ஃபிக்ஹு பாடத்தில் நாமே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆகவே ஊருக்குச் சென்று அண்டை வீட்டுக்காரரின் மகனைக் கண்டோம். அவருக்கும் நம் வயதுதான். நடந்ததைச் சொல்லி, கையிலிருந்த உறையை நீட்டினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. "அந்த மாட்டுக்குப் பிறகு அப்பா வட்டிக்கு வாங்கித்தான் வேறு ஜோடி பிடித்தார், பாய். கடன் தீர ஆறு வருஷம் ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்போதுதான்" என்றார். பிறகு உறையை வாங்காமல், நமக்குத் தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.