பாயும் இயந்திரமும்

தூத்துக்குடிக் கடற்கரைப் பங்குகளில் இலங்கையோடு உறவில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. நம் முன்னோருக்குக் கொழும்பு அயல்நாடாகத் தோன்றியதில்லை. இங்கிருந்து வெங்காயமும் மிளகாயும் தோணியேறின. அவற்றோடு மணப்பெண்களும் கரை கடந்தனர். 1914க்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு சென்றோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து இங்கேதான் கப்பலேறினர். பின்னர் அப்பாதை தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலையும் 1980களில் போர் நிறுத்திவிட்டது. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது நம் மக்கள் எவ்வளவு மகிழ்ந்தனர்! அவ்வாண்டு நவம்பரிலேயே அதுவும் நின்று போயிற்று.

இந்த வரலாற்றின் இடுக்கில் அகப்பட்டுக்கொண்டவர் எங்கள் பெரியம்மா. 1961ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்த அதே ஆண்டில், மன்னார்த் தீவிலுள்ள பேசாலைக்கு மணமாகிச் சென்றவர். இறுதியாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1979இல், பனிமய மாதா திருவிழாவுக்கு. அதன் பின் கடிதங்கள், பின்னர்ப் பல ஆண்டுகள் கடிதமும் இல்லை, பின்னர்த் தொலைபேசி. கண்பார்வை முற்றிலும் போய்விட்டது என்று அவருடைய மகன் சொன்ன நாளிலிருந்து எங்கள் அம்மாவுக்கு உறக்கமில்லை. அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு, இதய நோயாளி. போகலாமா என்று மருத்துவரைக் கேட்டோம். அவசரமில்லாமல், இடையிடையே தங்கிச் செல்வதானால் போகலாம் என்றார். எனவே 2025 பிப்ரவரியில் புறப்பட்டோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். அந்த முப்பதைக் கடக்க வழியில்லாததால் மதுரை சென்று, விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து வடக்கே முந்நூறு கிலோமீட்டர் சாலையில் வரவேண்டியிருந்தது. நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வண்டி ஓட்ட இயலாது. தனி அனுமதி பெற வேண்டும். ஆகவே ஓட்டுநரோடு ஒரு காரை அமர்த்திக்கொண்டோம்.

அது பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் ஓடும் கார். ஹைபிரிட் என்கிறார்கள். 1997இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்னும் பெயரில் விற்கத் தொடங்கிய இவ்வகை வண்டி இலங்கைச் சாலைகளில் எங்கும் தென்படுகிறது. நீர்கொழும்பைச் சேர்ந்த எங்கள் ஓட்டுநர்த் தம்பி சிங்களக் கத்தோலிக்கர்; தமிழும் தட்டுத் தடுமாறாமல் பேசினார். தம் பாட்டனாரின் பாட்டனார் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர் என்று அவர் சொன்னதும் அம்மா அவரை ஓட்டுநராக எண்ணுவதை விட்டுவிட்டார். இலங்கையின் 2001 மக்கள்தொகைக் கணக்கில் பரதர் என்று ஒரு தனிப் பிரிவே இருப்பதை அறிவோம். அவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்று வீட்டுமொழி சிங்களமே.

புறப்படுமுன் அவர் பின்னிருக்கையின் ஓரத்திலிருந்த சிறு காற்றுத் துளைகளைக் காட்டி, "இதை மட்டும் மூடிவிடாதீர்கள், அம்மா. உள்ளே பாட்டரி இருக்கிறது. அதற்கும் மூச்சு வேண்டும்" என்றார். மக்ரூனும் கருப்பட்டியும் நிறைந்த அம்மாவின் பை அங்கே வைக்கப்படவிருந்தது. அது மடிக்கு மாறிற்று. மன்னார்ப் பக்கத்து மணலும் தூசியும் அந்தத் துளையில் அடைத்துக்கொண்டால் பாட்டரி சூடேறிக் கெடும் என்றும், ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பின்னும் வலையைக் கழற்றித் துப்புரவு செய்வதாகவும் கூறினார்.

நீர்கொழும்பு நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது இயந்திர ஓசையே இல்லை. வண்டி நின்றுவிட்டதோ என்று அம்மா பயந்தார். ஊருக்குள் மெல்லச் செல்லும்போது மின்சாரம் இழுக்கிறது, வேகம் கூடினால் பெட்ரோல் இயந்திரம் சேர்ந்துகொள்கிறது என்று விளக்கினோம். தோணிக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் தாய்மாமா தோணியில் தண்டலாக இருந்தவர். முதலில் பாய் மட்டும் கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடியவர்; பின்னாளில் அதே தோணியில் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. பாயையும் கழற்றவில்லை. காற்று வாகாக அடித்தால் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் இயந்திரம். "இதைத்தானே என் தம்பி கடலில் செய்தான்" என்று அம்மா சொன்னார். ஓட்டுநருக்கு அவ்வுவமை மிகவும் பிடித்துவிட்டது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பாயை இறக்கினால் காற்று தன் வழியே போய்விடும். இந்த வண்டியோ தடையை அழுத்தும்போது சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. சாதாரண வண்டியில் அது வெறும் சூடாய் வீணாகும். நின்று நின்று செல்லும் நகரச் சாலையில்தான் ஆதாயம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பறப்போருக்கு அவ்வளவு இல்லை. மருத்துவர் நிறுத்தி நிறுத்திப் போகச் சொன்ன எங்கள் பயணத்துக்கு இது மிகப் பொருந்தியது என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் இறங்கினோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, திருப்பலியில் நின்றவர்கள் குண்டுக்கு இரையான இடம். ஒரு பத்து மணி செபமாலை சொல்வதற்குமேல் எங்களால் அங்கு எதுவும் பேச இயலவில்லை. ஓட்டுநர் வெளியிலேயே நின்றார். நாங்களும் காரணம் கேட்கவில்லை.

சிலாபம் தாண்டியபின் அவராகவே பேசினார். 2022ஆம் ஆண்டைப் பற்றி. நாட்டில் பெட்ரோல் இல்லாமற்போன அந்த ஆண்டில் வரிசைகளில் மக்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தனர். ஜூலையில் பங்கீட்டு முறை வந்தது: காருக்கு வாரம் இருபது லிட்டர், ஆட்டோவுக்கு ஐந்து, மோட்டார் சைக்கிளுக்கு நான்கு. மற்றவர்களின் வண்டிகள் வாரத்தில் பாதிநாள் முடங்கிக் கிடந்தபோது, இந்தக் கார் அதே இருபது லிட்டரில் நானூறு கிலோமீட்டருக்குமேல் ஓடிற்று. அவர் அதைக் கொண்டு நோயாளிகளைக் கொழும்பு மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார், காசில்லாதவர்களிடம் வாங்கவில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "வண்டி குறைவாகக் குடித்தது, அதனால் செய்ய முடிந்தது" என்றார். 2020இல் வாகன இறக்குமதி நின்றதால் பழைய கார்களின் விலை ஏறிவிட்டதாம். அப்போது விற்றிருந்தால் வீடு கட்டியிருக்கலாம் என்று மனைவி இன்னும் குறைபட்டுக்கொள்வதையும் மறைக்கவில்லை.

புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக மாலையில் மருதமடு அன்னை திருத்தலத்தை அடைந்து அன்றிரவு தங்கினோம். 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் மன்னாரையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுடைய கெடுபிடிக்கு அஞ்சி, மாந்தையிலிருந்த குடும்பங்கள் 1670 அளவில் அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. அந்தக் காடுதான் மடு. அந்நாளில் குருக்களின்றித் தவித்த இம்மக்களிடம் வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் நம் தூத்துக்குடியிலிருந்துதான் மாறுவேடத்தில் மரக்கலமேறினார். 2015 ஜனவரி 14 அன்று காலையில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பிற்பகல் இதே மடுவுக்கு வந்தார். திருவுருவமும் ஓய்ந்திருக்கவில்லை, 2008 ஏப்ரலில் போருக்கு அஞ்சி மீண்டும் ஊர்விட்டு ஊர் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில்தான் திரும்பியது. அம்மா பீடத்தின் முன் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை மாந்தையைக் கடந்து, பாலத்தின் வழியே மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். பெருக்க மரங்களும் கழுதைகளும் நிறைந்த ஊர். கழுதைகள் நடுச்சாலையில் நின்றன. வண்டி ஓசையின்றி அருகே வந்ததால் ஒன்றும் அசையவில்லை. ஒலிப்பானை அடித்த பிறகே வேண்டா வெறுப்பாக விலகின. ஓசையில்லாமை எல்லா இடத்திலும் நன்மையல்ல. தெருவில் விளையாடும் குழந்தைகளுக்காகவே தாம் இரட்டைக் கவனத்தோடு ஓட்டுவதாக ஓட்டுநர் சொன்னார்.

பேசாலையில் பெரியம்மா விடியற்காலையிலிருந்தே திண்ணையில் அமர்ந்திருந்தாராம். கண் இல்லாதவர் காதால் காத்திருந்தார். சாலையில் சென்ற ஒவ்வொரு வண்டியையும் கேட்டுக் கேட்டு, "இதுவா? இதுவா?" என்று வீட்டாரைத் துளைத்திருக்கிறார். எங்கள் வண்டியோ ஒழுங்கையில் மெல்லத் திரும்பி, மின்சாரத்தில் ஊர்ந்து, வாசலில் நின்றது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இறங்கி, பத்தடி நடந்து, "அக்கா" என்றார்.

அதன் பின் நடந்ததை எழுதும் ஆற்றல் எங்களுக்கு இல்லை. நாற்பத்தாறு ஆண்டுகள். பெரியம்மா தங்கையின் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இளமையில் வெட்டுப்பட்ட சுட்டுவிரல் தழும்பில் அவர் கை நின்றுவிட்டது.

இரண்டு நாள் தங்கினோம். இரவெல்லாம் சகோதரிகள் இருவரும் உறங்கவில்லை. தண்டலாயிருந்த தம்பி இறந்த கதையைப் பெரியம்மா முழுமையாகக் கேட்டது அப்போதுதான். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் 2022இல் தமக்குக் கிடைத்த ஐந்து லிட்டரில், பெரியம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வாரந்தோறும் ஒரு லிட்டரை ஒதுக்கி வைத்திருந்தார் என்பதும் அப்போது தெரிந்தது. அவர் இந்து. கருப்பட்டியில் பாதி அவர் வீட்டுக்குப் போயிற்று.

விடைபெற்றபோது பெரியம்மா வாசல்வரை வந்தார். "நீங்கள் வந்ததுதான் எனக்குக் கேட்கவில்லை; போவதையாவது கேட்கவிடுங்கள்" என்றார். ஓட்டுநர் ஒரு கணம் யோசித்தார். வண்டியை நிறுத்திய நிலையிலேயே வைத்து, தடையையும் விசையையும் சேர்த்து அழுத்தினார். பெட்ரோல் இயந்திரம் உறுமி எழுந்தது. பெரியம்மா தலையசைத்தார். ஒழுங்கை முனைவரை அந்த ஓசை அடங்காதபடி பார்த்து ஓட்டிய ஓட்டுநர், தலைமன்னார்ச் சாலையில் ஏறிய பிறகே காலைத் தளர்த்தினார்.